ஒண்ணு ஜாஸ்தி

உலகத்தில் நான் ஒருத்தி அதிகம் என்பது எனக்கு ஒன்பதாவது வயதில் தெரியவந்தது. சொன்னவர் எங்கள் நாலாம் வகுப்பு டீச்சர். அவர் பொய் சொல்லமாட்டார் என்பதில் வகுப்பில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடத்தின் தொடக்கம் அது. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான். அப்பா தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் பீச் ஸ்டேஷன் வரை போய், அங்கே ஒரு ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, கசங்கிய சட்டையோடு திரும்பி வருவார்.

அன்றைக்கு டீச்சர் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் பூமி என்றார். முதலில் இரண்டு பேர் உள்ளே போனார்கள். கையை வீசிக்கொண்டு ராஜா மாதிரி நடந்தார்கள். பிறகு நாலு பேர். பிறகு எட்டு, பதினாறு. முப்பத்திரண்டு ஆனபோது பூமியில் மூச்சுவிட முடியவில்லை. ஒருத்தி கால் மிதிபட்டு அழுதாள். கடைசியாக நுழைந்தவள் நான். உள்ளேயிருந்து யாருடைய முழங்கையோ இடித்ததில் வட்டத்துக்கு வெளியே போய் விழுந்தேன்.

டீச்சர் கையைத் தட்டினார். "பாத்தீங்களா? இதேதான். இடம் பத்தலன்னா இப்படித்தான் ஆகும்."

உலகத்தில் ஐந்நூறு கோடிப் பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள் என்றார். இப்படியே போனால் சாப்பாடு போதாது, தண்ணீர் போதாது, காடு இருக்காது, நிற்கிற இடத்துக்கே அடித்துக்கொள்வார்கள் என்றார். எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கே அடித்துக்கொண்டார்கள். ஆகவே மிச்சமும் நடக்கும் என்று எனக்குப் புரிந்தது.

பிறகு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இருப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். நான் முதல் பெஞ்சுக்காரி. நான்தான் முதலில் தூக்கினேன்.

"நீங்க எத்தனை பேரு?"

"மூணு டீச்சர்."

"நீ எத்தனாவது?"

"மூணாவது."

"அப்ப உங்க வீட்ல ஒண்ணு ஜாஸ்தி," என்று சிரித்தார். என் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். வகுப்பே சிரித்தது. பின்னால் பாதி தூக்கியிருந்த கைகளெல்லாம் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டன.

மணி அடிக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். சீக்கிரமே சென்சஸ் வருகிறதாம். வீடு வீடாக வந்து எல்லோர் பெயரையும் எழுதுவார்களாம். ஒரு ஆள்கூடத் தப்ப முடியாதாம்.

எழுதி என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதை அண்ணன் சொன்னான். பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவன், என்னைப் பயமுறுத்துவதில் அவனுக்குத் தனி சந்தோஷம். "ஜாஸ்தியா இருக்கிறவங்களக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. வண்டலூர் ஜூவுல எவ்ளோ இடம் கெடக்கு பாத்தல்ல? எதுக்குன்னு நெனச்ச?" என்றான். ஒரு முறை எல்லோருமாக அந்த மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தோம். அகழிக்கு அந்தப்புறம் காலியாகக் கிடந்த பெரிய பெரிய மைதானங்கள் என் கண்முன் வந்தன. அவ்வளவு இடத்தை எதற்காகச் சும்மா விட்டிருந்தார்கள் என்பது அப்போது விளங்கியது.

அன்றிலிருந்து நான் குறைந்துகொள்ள ஆரம்பித்தேன். இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவேன். அரை டம்ளர் தண்ணீர்தான் குடிப்பேன். இரவில் பாயின் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காலை மடக்கிப் படுப்பேன். இடத்தை அடைக்காத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. அம்மா வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்து மருந்து கொடுத்தாள். அதையும் பாதிதான் குடித்தேன்.

சென்சஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். எங்கள் பள்ளிக்கு அன்று அரை நாள்தான். அண்ணனும் அக்காவும் பெரிய பள்ளியில் இருந்தார்கள். அம்மா கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் துணிப்பை, கையில் அட்டை, குடை. எங்கள் டீச்சர்! கணக்கெடுக்க வாத்தியார்களைத்தான் அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியாது. என்னைக் கண்டுபிடித்தவரே என்னைக் கொண்டுபோக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்துகொண்டேன்.

அம்மா டீச்சருக்கு மோர் கொடுத்தாள். டீச்சர் கேட்கக் கேட்கப் பெயரும் வயதும் சொன்னாள். அப்பா, அண்ணன், அக்கா. டீச்சர் ஏதோ படிவத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க, இதுல இருக்கு, கேட்டுத்தான் ஆகணும். உங்களுக்குப் பொறந்தது மொத்தம் எத்தனை?"

முறம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"நாலு," என்றாள்.

"இப்ப இருக்கிறது?"

"மூணு."

நாங்கள் மூன்று பேர்தான் என்று நினைத்திருந்தேன். நாலு பேராம். அப்படியானால் ஒருத்தரை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைக் கொண்டுபோன பிறகும் இப்படித்தான் பேசாமல் இருப்பார்கள்.

"சின்னவ எங்க? என் கிளாஸ்தானே அவ?" என்று டீச்சர் கேட்டார்.

"இங்கதான் இருந்தா, இருங்க, கூப்பிடறேன்," என்று அம்மா எழுந்தாள்.

நான் பின்கதவு வழியாக ஓடினேன். காலில் செருப்பு இல்லை. அப்பாவிடம் போய்விட வேண்டும், அவர் எங்கேயாவது ஒளித்து வைப்பார் என்பதுதான் என் யோசனை. அப்பா ட்ரெயினில் போவார். எனவே நானும் ட்ரெயினில் போகவேண்டும். பாலம் ஏறி இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றிருந்த வண்டியின் பெண்கள் பெட்டிக்குள் ஏறினேன். அம்மா வழக்கமாகப் பூ வாங்கும் பெண்மணி "ஏய் பாப்பா, எங்க தனியா?" என்று கத்தியது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

வண்டி சானடோரியத்தில் நின்றது, குரோம்பேட்டையில் நின்றது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூடையும் கோணியுமாக ஆட்கள் ஏறினார்கள். யாரும் இறங்கவில்லை. என் மூக்குக்கு நேரே ஒரு இடுப்பு, முதுகில் ஒரு கூடை. வட்டத்துக்குள் நிற்பது போலவே இருந்தது, ஆனால் இங்கே இடித்து வெளியே தள்ளினால் தண்டவாளத்தில்தான் விழவேண்டும். டீச்சர் சொன்ன நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். பல்லாவரத்தில் வண்டி நின்றதும் மொத்தப் பெட்டியும் ஒரேயடியாக இறங்கியது. நான் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன், விரல் பிரிந்துவிட்டது. என் கால் தரையில் படாமலே நான் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. கூட்டம் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனது. பழைய சைக்கிள்கள், நாற்காலிகள், செடிகள், கூண்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புறாக்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்கள். உட்காரப் பார்த்தால் "ஓரமா போ" என்றார்கள், ஓரத்துக்குப் போனால் அங்கே ஒரு கடை இருந்தது. எவ்வளவு நேரம் சுற்றினேன் என்று தெரியாது. கடைசியில் ஒரு கருவாட்டுக்காரம்மாவின் கோணிக்கு முன்னால் நின்று அழுதேன்.

பெரிய உடம்பு அவளுக்கு. இரண்டு குழந்தைகளின் இடுப்பில் கிழிந்த சேலைத் துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் காலில் கட்டியிருந்தாள்.

"இன்னா பாப்பா, யார் கூட வந்த? வூடு எங்க கீது?"

நான் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"உம் பேரு இன்னா?"

பெயரைச் சொன்னால் எழுதிவிடுவார்களே. "நான் மூணாவது," என்று மட்டும் சொன்னேன்.

"மூணாவதா? எனக்கு ஆறு. இங்க ரெண்டு, வூட்ல நாலு. நீ ஒருத்தி குந்தினா இன்னா ஆயிடப் போவுது? குந்து," என்று நெத்திலிக் குவியலைக் கையால் ஒதுக்கி இடம் பண்ணினாள். பன் வாங்கிக் கொடுத்தாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் ஒன்றை மிச்சமில்லாமல் தின்றேன்.

வெயில் இறங்கும் நேரம். என் பெயரை யாரோ கூப்பிடுவது கேட்டது. தொண்டை கட்டிய குரல். கூட்டத்தைப் பிளந்துகொண்டு டீச்சர் வந்தார். தலை கலைந்து, புடவை மண்ணில் புரண்டு, தோளில் அதே பையோடு. என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் வீறிட்டு அலறிக் கருவாட்டுக்காரம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "யாரும்மா நீ? கொழந்த ஏன் உன்னிய பாத்து இப்டி அலறுது?"

"நான் அவ டீச்சர்மா..."

"டீச்சரப் பாத்து எந்தப் புள்ள இப்டி நடுங்கும்? இன்னா பாப்பா, இவங்கள உனுக்குத் தெரியுமா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. "புள்ள புடிக்கிறவ போலக்கீது" என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை சந்தைக்குள் ஓடியது. எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ, நாலு பக்கமும் அடைத்துக்கொண்டார்கள். ஒருவன் பையைப் பிடுங்கினான். படிவங்கள் சிதறிக் காலடியில் மிதிபட்டன. யாரோ டீச்சரின் கையை முறுக்கினார்கள். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. டீச்சர் குனிந்து அந்தக் காகிதங்களைப் பொறுக்கப் பார்த்தார், அதற்குள் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், தப்பித்துவிடலாம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைக்கும்போது பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கால்களுக்கு நடுவே டீச்சரின் முகம் தெரிந்தது. பெரியவர்கள் பயந்து நான் பார்த்ததில்லை. டீச்சர்கள் பயப்படுவார்கள் என்றே எனக்குத் தெரியாது.

"எங்க டீச்சர்! அவங்க எங்க டீச்சர்! விடுங்க!" என்று கத்தினேன்.

கருவாட்டுக்காரம்மா தன் கைகளால் கூட்டத்தை விலக்கினாள். "போங்கய்யா, அதான் கொழந்தயே சொல்லுதே!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய், "என் பேர எழுதாதீங்க டீச்சர். நான் கொஞ்சமாத்தான் சாப்பிடறேன். தண்ணிகூட அரை டம்ளர்தான்," என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் ஜூவைப் பற்றியும் சொன்னேன். ஒண்ணு ஜாஸ்தி என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கருவாட்டு நாற்றமடிக்கும் மண்ணில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, சத்தம் போட்டு அழுதார். கருவாட்டுக்காரம்மா ஒவ்வொரு காகிதமாகப் பொறுக்கி, தூசு தட்டி, பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பூக்காரம்மா சொல்லித்தான் நான் ரயிலேறியது தெரிந்ததாம். பள்ளிவிட்டு வந்த அண்ணனை அப்பாவுக்குப் போன் செய்ய அனுப்பிவிட்டு, டீச்சர் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடியிருக்கிறார். திரும்பும் வழியில் ரயிலில் என் கையை விடவேயில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தெருவே வாசலில் நின்றது. அப்பாவும் வந்திருந்தார். பூக்காரம்மா சொல்வதற்கு முன்பே பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஆள் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அம்மா என்னை ஒரு அறை அறைந்து, அறைந்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். அண்ணன் கதவுக்குப் பின்னால் நின்று தேம்பிக்கொண்டிருந்தான்.

டீச்சர் விடைபெற எழுந்தபோது அம்மா தடுத்தாள். "இவ பேர எழுதிட்டுப் போங்க," என்றாள்.

"நாளைக்கு வர்றேம்மா."

"இல்ல, இப்பவே எழுதுங்க. என் கண்ணு முன்னாடி எழுதுங்க."

டீச்சர் கைக்குட்டை சுற்றிய கையால் என் பெயரை எழுதினார். அம்மா குனிந்து எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். பிறகு அப்பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாழ்ந்த குரலில் அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். நான் அதுவரை கேட்டிராத பெயர். எனக்கு முன்னால் பிறந்து, இரண்டு வயது முடிவதற்குள் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்ட பையனின் பெயர் அது என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

"அவனையும் ஒரு ஓரமா எழுதிக்க முடியுமா டீச்சர்?"

டீச்சர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு இதுல எடம் இல்லம்மா," என்றார்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். நான் அவள் மடியிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். உலகம் முழுக்க ஆட்களைக் குறைக்கச் சொல்லும்போது அம்மா எதற்காக இன்னும் ஒருவரைச் சேர்க்கச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.