ரங்கசாமியின் வயிறும் கிரேஸ் வைத்த மொச்சைக் குழம்பும்

தை பிறந்தால் ஊரெல்லாம் மொச்சைக்கொட்டை வாசம். ரங்கசாமிக்கு அந்த வாசமே குடலைப் புரட்டும். மார்கழியில் முள்ளங்கி தின்றால் புளித்த ஏப்பம், சித்திரையில் பலாக்காய் தின்றால் இரண்டு நாள் உப்புசம். மொச்சையோ ஓட ஓட விரட்டும். அந்தந்தப் பருவத்துக் காயைத் தின்றால்தான் உடம்புக்கு நல்லது என்று எவனாவது ஆரம்பித்தால் ரங்கசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும். கொல்லைக்கு ஓடப்போவது சொல்கிறவனா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அவன் காக்களூரில் ஒரு போல்ட்டுப் பட்டறையில் லேத் ஓட்டினான். கடம்பத்தூரிலிருந்து சைக்கிளில் போவான். மனைவி கன்னியம்மா கட்டிக்கொடுப்பது தினமும் மோர்சாதமும் வெந்த புடலங்காயும்தான். பக்கத்து லேத் யேசுதாஸுடையது. அவனும் அதே ஊர். அவன் அப்பா ரங்கசாமி வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டியவர். ஊரில் தெரு வேறு. பட்டறையில் மூன்று வருஷமாக இருவரும் மத்தியானம் சாப்பிடுவது ஒரே மரத்தடியில்.

அந்தத் தையில் ஒருநாள் யேசுதாஸின் மனைவி கிரேஸ், கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பை ரங்கசாமிக்கும் சேர்த்து அனுப்பியிருந்தாள். யேசுதாஸ் டப்பா மூடியில் ஊற்றி நீட்டினான்.

"வாணாம்பா. என் வவுத்துக்கு ஆவாது," என்றான் ரங்கசாமி.

நீட்டிய கை அப்படியே நின்றது. "போன வாரம் முனிகிருஷ்ணன் ஊட்டுப் பொங்கலுக்கு இதே மொச்சயத்தான துன்ன? அப்ப இன்னா சொல்லிச்சி உன் வவுறு?"

முனிகிருஷ்ணன் பங்காளி. மறுத்தால் மனஸ்தாபம் வரும் என்று தின்றதும், பிறகு இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததும் ரங்கசாமிக்குத்தான் தெரியும். இப்போது அதைச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இத்தனை வருஷத்துக் கூட்டாளி கைவிட்டுப் போய்விடுவானோ என்று பயம் வந்துவிட்டது. மூடியை வாங்கி ஒரு கொட்டை விடாமல் தின்றான். வழவழவென்று தொண்டையில் இறங்கிய ஒவ்வொன்றும் அருவருப்பாக இருந்தது.

இரண்டு மணிக்கே வயிறு கடமுடா என்றது. கக்கூசுக்கு ஓடலாம். தன் வீட்டுச் சாப்பாட்டைக் கக்கத்தான் ஓடுகிறான் என்று யேசுதாஸ் நினைத்துவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு லேத்தைப் பிடித்தபடி நின்றான். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் வெளியே வந்து சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டான். அதோடு தீர்ந்தது. காக்கி நிஜாரை நனைத்துத் தொடைவழியே இறங்கியது. நாற்றம் அவனுக்கே தாங்கவில்லை. சீ, இதுவும் ஒரு உடம்பா என்று காறித் துப்பலாம்போல இருந்தது.

பின்னால் வந்த யேசுதாஸ் மூக்கைப் பொத்தவில்லை. கையைப் பிடித்து அடிபம்புக்கு இழுத்துப் போனான். தண்ணீர் அடித்து ஊற்றினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் இடுப்பில் கட்டிவிட்டான்.

"ஒத்துக்காதுன்னு வாயத் தொறந்து சொன்னா இன்னா?"

"சொன்னேனே."

"சொன்ன. நான்தான் நம்பல." யேசுதாஸ் பம்பை அடித்துக்கொண்டே சொன்னான். "எங்க ஊட்லருந்து எது எடுத்தாந்து குடுத்தாலும் உங்க நைனாவும் வவுத்துக்கு ஆவாதுன்னுதான் சொல்வாரு."

ரங்கசாமி குனிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.