கேட்காமல் தூக்கிய கை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த மகதலேனாவுக்கு லேசில் கோபம் வராது. டெலிபோன் ஆபரேட்டர் வேலையில் ஊரார் ஏச்சையெல்லாம் கேட்டுப் பழகியவள். ஆனால் 1987இல் மோரிப்பிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை நடந்த, பாய் கட்டிய பலகையில் கடலோடும் விண்ட்சர்ஃபிங் போட்டியில், நடுக்கடலில் வைத்து அண்ணன் ரபேலைக் கிழித்துவிட்டாள்.

பாதி வழியில் காற்று செத்துவிட்டது. அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான். எல்லாரையும்போல அவளும் பாயைத் தண்ணீரில் சாய்த்துவிட்டுப் பலகைமேல் உட்கார்ந்து காற்றுக்காகக் காத்திருந்தாள். போட்டியாளர்களுக்குத் துணையாக வந்த காவல் படகில் இருந்த ரபேல், தங்கை களைத்துச் சரிந்துவிட்டாள் என்று பதறி வந்து, அவள் உதறுவதற்குள் படகுக்குள் தூக்கிப் போட்டுவிட்டான். படகில் ஏறியவர் போட்டியில் இல்லை என்பது விதி.

“உன்ன யாருண்ணே கூப்பிட்டா?”

“அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன் லா! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“அதோ, அந்த ரெண்டு பேரும் பாயைச் சாய்ச்சிட்டுதான் உட்கார்ந்திருக்கானுங்க. அவனுங்கள ஏன் தூக்கல?”

ரபேல் திரும்பிப் பார்த்தான். அவள் தண்ணீரில் குதித்தாள்.

“இனி கணக்குல சேராது லேனா!”

“சேராட்டி போவுது. தங்கச்சிய காப்பாத்திட்டேன்னு போய் அம்மாகிட்ட பெருமை அடிச்சுக்கோ!”

காற்று வந்ததும் பாயைத் தூக்கி நிறுத்தினாள். துறைமுகத்தில் அவள் கரையேறியபோது நேரம் குறிப்பவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ரபேல் துண்டை நீட்டினான். அவள் அதை வாங்காமல், பலகையைத் தானே தலைமேல் ஏற்றிக்கொண்டு அவனைக் கடந்து நடந்தாள்.