அந்தோணியின் தோள்வலி

நான்காவது டிவிஷன் லீக் ஆடும் எங்கள் மயிலாப்பூர் கிளப்புக்கு நான் கேப்டன். கொட்டிவாக்கத்து மீனவர் வீட்டுப் பையன் அந்தோணிதான் எங்களுடைய ஒரே வேகப்பந்து வீச்சாளன். முதல் டிவிஷன் கோச் ஒருவர் அவனைப் பற்றிப் போனில் விசாரித்தார். அவனை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "தோள்வலி சார், சீசன் முழுக்கத் தாங்கமாட்டான்" என்று புளுகிவிட்டேன்.

மறுநாள் பயிற்சிக்குச் சிரித்துக்கொண்டே வந்தான் அந்தோணி.

"இன்னாண்ணா, எனக்குத் தோள்வலி கீதுன்னியாமே? கோச்சு கேட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்."

"ஏண்டா?"

"உன்னப் போயி பொய்யனாக்குவனா?"

அவன் எதிரிலேயே கோச்சுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது அவன் முதல் டிவிஷன். நான் ஆட்டம் பார்க்கப் போனால், விக்கெட் எடுத்ததும் என் பக்கம் திரும்பித் தோளைத் தடவிக்கொண்டு சிரிப்பான். பக்கத்தில் யாராவது, "தோள்ல ஏதோ கோளாறு போல" என்றால், "ஒரு கோளாறும் இல்ல சார்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.