பயந்தேன்னு சொல்லுங்க

வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவளுக்கு ஒரு தாலுகாவின் வீரம் முழுக்க மனப்பாடம். அடித்தவர்கள் எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து உட்காருவார்கள். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் எங்கள் ஆபீஸ். எனக்கு வயது பதினெட்டு. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கூடுதல் தகுதி, யார் குரலையும் அச்சு அசலாகப் பேசுவேன். எங்கள் மர பெஞ்சில் வாய்தாவுக்கு வாய்தா உட்கார்ந்து இடுப்பொடிந்த அன்பர்களே, உங்கள் குரலும் என்னிடம் இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு பெரிய கஷ்டம். வீட்டுக்குள் புகுந்தவனை அடிக்கச் சட்டம் விடுகிறது. ஆனால் உயிருக்குப் பயந்து அடித்திருக்க வேண்டும். பயம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அடித்தவர் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். பயந்தவர்தான் ஒருத்தர்கூடக் கிடைக்க மாட்டார்.

சம்பந்திக்குத் தெரியாமல்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் ஒருவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த நேரம், ஒருத்தன் கொல்லை வழியாக ஏறி வந்து பீரோவைத் திறந்திருக்கிறான். கையில் கத்தி. பாய் குடையை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்ட போட்டில் எலும்பு விரிசல் விட்டுப்போனது. வந்தவன் இவர் மேலேயே கேஸ் கொடுத்துவிட்டான்.

"பயந்துபோயித்தான அடிச்சீக, பாய்?" என்று வக்கீல் சார் நைசாகக் கேட்டார். பாய் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலை இறக்கினார். "எழுதிக்கங்க. ஆனா இங்கிலீசுல எழுதுங்க. எங்க சம்பந்திக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்க வரும்."

ஜட்ஜ் ஐயா பாவாடை தாவணியில்

ஒருநாள் தடுப்புக்குப் பின்னால் நின்று சார் குரலில், "அந்தக் கேஸ் கட்டு எங்கய்யா?" என்று அதட்டி, குமாஸ்தா அண்ணனை அரைமணி நேரம் பீரோவுக்கும் மேஜைக்கும் ஓடவிட்டேன். சார் அன்று ஊரிலேயே இல்லை. மறுநாள் மாட்டிக்கொண்டேன். சார் திட்டவில்லை, வேலை கொடுத்தார். கூண்டில் ஏறப்போகிறவர்களுக்கு முந்தின நாள் ஒத்திகை. நான்தான் ஜட்ஜ்.

நம் ஜட்ஜ் ஐயா ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இரண்டு தடவை செருமுவார். நானும் செருமினேன். எதிரே சின்னமனூர் விவசாயி, களத்து வீட்டில் புகுந்தவனை மண்வெட்டிக் காம்பால் சாத்தியவர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே துண்டைக் கக்கத்தில் இடுக்கி எழுந்து நின்றுவிட்டார். "மொத்தம் எத்தனை அடி அடித்தீர்கள்?" என்றேன். அவர் கைகட்டிச் சொன்னார்: "எண்ணி எண்ணிப் போட அவென் என்ன தேங்காயாம்மா... ஐயா?"

இரண்டாவது அடி

சிரித்தது போதும். அடுத்த கட்டு எங்கள் வீட்டுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராயப்பன்பட்டியில் நானும் தம்பியும் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தோம். அப்பா வழக்கம்போல மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில். காய்ச்சலோடு அம்மா மட்டும் வீட்டில். ஆளில்லாத வீடென்று நினைத்து எங்கள் தெருக்காரன் ஒருத்தன் கம்பியால் பின்கதவை நெம்பி உள்ளே வந்தான். அடுப்படியில் அம்மாவைக் கண்டதும் கம்பியை ஓங்கினான். அம்மா உலக்கையால் தோளில் ஒன்று போட்டாள், விழுந்தான். விழுந்தவன் காலில் இன்னொன்று, கால் முறிந்தது. "தண்ணி கேட்டுப் போனேன், அடிச்சுப்புட்டா" என்று அவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எழுதிக்கொடுத்தான்.

அம்மாவோ போலீஸ்காரர் முதல் பால்காரர் வரை கேட்டவர்களிடமெல்லாம், "பயமா? எனக்கா? கோவத்துல ரெண்டு போட்டேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "மொத அடிக்குச் சட்டம் துணைக்கு வரும் தாயி. ரெண்டாவது அடி கோவம்னு உங்கம்மாவே சொன்னா, நான் யாரக் கூப்பிட?"

ஆண்டிபட்டிக் கையெழுத்து

அம்மாவுக்கு ஜாமீன் கிடைத்தது, கண்டிஷனோடு. ஆண்டிபட்டியில் தங்கி தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மறு உத்தரவு வரும்வரை ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. புகார் கொடுத்தவன் அதே தெரு அல்லவா? தளர்த்தக் கேட்டு மூன்று மனு போட்டோம். மூன்றையும் நான்தான் அடித்தேன், ஒரு பிழை இல்லாமல். மூன்றும் தள்ளுபடி. பத்து மாதமாக அம்மா மாமா வீட்டில். பூசை முடிந்து வந்தால், "செருப்ப அங்கன விடு, எருமை" என்று கத்த வீட்டில் ஆளில்லை. அந்த எருமைக்காக மனசு கிடந்து ஏங்குகிறது.

எட்டு வயதுத் தம்பி காலையில் லேசில் எழமாட்டான். ஒருநாள் அம்மா குரலெடுத்து, "ஏலே, எந்திரிக்கியா, மூஞ்சில தண்ணிய ஊத்தவா?" என்றேன். துள்ளி எழுந்து அடுப்படிக்கு ஓடினான். மெதுவாகத் திரும்பி வந்தான். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சொன்னான்: "இனிமே அம்மாவாப் பேசாதக்கா. முழிச்சுப் பாத்தா நீதான இருக்க."

கதவும் பூட்டும்

ஜட்ஜ் ஐயா அம்மாவை விசாரிக்கும் நாள் வந்தது. முந்தின ஞாயிறு ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினேன், ஒத்திகைக்கு. மாமா வீட்டில் பக்கத்துத் தறிச் சத்தத்தை மீறி இரண்டு தடவை செருமினேன். "சம்பவத்தின்போது பயந்தீர்களா?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை; மறுபடி செருமினேன். சிரிப்பு நின்றது.

"கீழ கெடந்தான். கம்பி அவென் கையிலதான் இருந்துச்சு. எந்திரிச்சான்னா நான் தாங்க மாட்டேன்டி. கையெல்லாம் நடுக்கம். அந்த நடுக்கத்துலதான் ரெண்டாவது போட்டேன்."

"இத ஏம்மா பத்து மாசமாச் சொல்லல?" என்று என் குரலிலேயே கேட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உங்கப்பா வருசத்துல பாதி நாளு மலையில. வீட்ல நீ, சின்னவன். பயந்தவ வீடுன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோனா, அந்தக் கதவுக்குப் பூட்டு எதுக்குடி?"

சத்தமாக

கோர்ட்டில் அந்த ஆள் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் எங்கள் தெருவில் பாதி. "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார் ஜட்ஜ் ஐயா. அம்மா கூண்டைப் பிடித்துக்கொண்டாள். "இவுக எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்கய்யா, சொல்றேன்." ஜட்ஜ் ஐயா செருமினார். "கோர்ட்டுக் கதவச் சாத்த முடியாதும்மா. இங்கேயே சொல்லுங்க. சத்தமா."

அம்மா ஒருமுறை என்னைப் பார்த்தாள். "பயந்தேன்யா. ரெண்டு அடியும் பயந்துதான் அடிச்சேன்." கோர்ட் டைப்பிஸ்ட் அதை அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது.

விடுதலைதான் என்கிறார் சார். தீர்ப்பு வருகிற செவ்வாய்க்கிழமை. அதுவரை கையெழுத்து. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ்சும் மதுரை பஸ்சும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அம்மா எங்கள் ஊர் பஸ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆண்டிபட்டிக்கு மதுரை பஸ்சில் ஏறினாள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை தெரிந்தது. "ஏட்டி, சார்ட்டக் கேளு. தீர்ப்பு வந்ததுக்கப்புறம், நான் சொன்னத அடிச்ச தாள மட்டும் திரும்பக் கேட்டா குடுப்பாகளா?"

பயந்தவர்களைச் சட்டம் காப்பாற்றிவிடும், அன்பர்களே; அடுத்து வரப்போகிற திருடன் காதிலும் விழும்படி அதை ஒரே ஒருமுறை சத்தமாகச் சொன்னால் போதுமாம்.