அலவாங்கு பட்ட தோள்

என் அக்காவின் புருஷன் சீவரத்தினம் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். பொல்லாத பிடிவாதக்காரர். ஒருமுறை வாழைக்குட்டி நடக் குழி தோண்டும்போது அவருடைய இரும்பு அலவாங்கு எதிலோ 'ணங்' என்று இடித்தது. மண்ணை விலக்கினால் வெண்கல அம்மன். வலது தோளில் அலவாங்கு பட்ட வெட்டு. ஊரே பூரித்துப்போனது. அவர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

"தாயை இடிச்சுப்போட்டன்" என்பதுதான் அன்று முதல் அவர் பேச்சு. சின்னதாக ஒரு கோயில் எழுப்பி, அவள் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க இருந்தார். அதற்குள் செய்தி மேலே போய், அரசாங்கத்து ஆட்கள் அம்மனைச் சாக்கில் சுற்றி, பழம்பொருட்கள் வைக்கும் கொழும்பு நூதனசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு அப்போது கொழும்பில் சுருட்டுக்கடை. ஒருநாள் விடிய, இரவு மெயில் ரயிலில் வந்து கடை வாசலில் நின்றார்.

"அவவை எனக்குக் காட்டு தம்பி. ஒருக்கா முன்னாலை நிண்டு மன்னிப்புக் கேட்டால் போதும்."

இரண்டு நாள் விடாத மழை. வானம் வெளித்ததும் டிராம் ஏறினோம். மனிதர் தலை தோய்ந்து, விரதம் பிடித்து, நெற்றி நிறைய நீறு பூசியிருந்தார். பூவும் தன் தோட்டத்துக் கதலிச் சீப்பும் இருந்த கூடையை மடியை விட்டு இறக்கவில்லை. சப்பாத்துக் கால்கள் நடமாடும் இடமாம்.

மருதானையில் எங்களூர் அருட்பிரகாசம் ஏறினான். அன்று காலைதான் ஊரிலிருந்து வந்தவன்.

"சீவரத்தினம் அண்ணை, தந்தி கிடைக்கேல்லையோ? உங்கடை பெரியையா மோசம் போயிட்டார். நேற்றுப் பின்னேரம் பிரேதம் எடுத்தாச்சு."

 அத்தான் மடியிலிருந்த கூடையைத் தூக்கி என் மடியில் வைத்தார். அவருக்குச் சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. எனக்கோ அந்தத் துடக்கு இல்லை, நான் பெண் கொடுத்த பகுதி.

நூதனசாலைப் படலையடியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அத்தான், இது கோயிலில்லை. வெள்ளைக்காரன் சப்பாத்தோடை போறான். மாட்டிறைச்சி திண்டவனும் போறான். உங்கடை துடக்கை இங்கை ஆர் பாக்கினம்?"

"அவ உள்ளுக்கை இருக்கிறாவெல்லே. பிழைக்கு மேலை பிழை செய்யச் சொல்லுறியோ?"

அதற்கு மேல் அவரோடு கதைத்துப் பயனில்லை. தெருக்குழாயில் என்னைக் கைகால் கழுவ வைத்தார். "நான் மன்னிப்புக் கேக்கிறனெண்டு சொல்லு" என்றார்.

கூடையை வாசல் சேவகன் வாங்கி வைத்துக்கொண்டான். பூவுக்கு உள்ளே அனுமதி இல்லையாம். நான் பெரிய பக்திமான் அல்ல. கல்லும் வெண்கலமுமாக நின்ற கூட்டத்தில் ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாள். பட்டில்லை, பூவில்லை, காலடியில் இங்கிலீசில் எழுதிய ஒரு துண்டு. தோளில் அந்த வெட்டு, விரல் நுழையும் அளவுக்கு.  அத்தான் சொன்னதை வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற துரைசானி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

வெளியே அவர் கொதிக்கும் வெயிலில், கட்டடத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றார்.

"கண்டனியோ?"

"ஓம், கண்டன்."

"காயம் ஆறிப்போச்சோ?"

வெண்கலத்தில் பட்ட காயம் எங்கே ஆறும்? ஆறிவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் என் வீட்டுச் சொத்தா குறைந்துவிடும்? சேவகன் திருப்பித் தந்த கூடையை மற்றக் கைக்கு மாற்றினேன். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

அந்தியேட்டி முடிந்து வருவதாகத்தான் ரயில் ஏறினார். அதற்குள் கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்தது. நானே கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவந்தேன். யுத்தம் முடியுமுன் அவருக்கு மூட்டுவாதம் வந்து, பயணம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

கடைசிவரை அவர் அலவாங்கைத் தொடவில்லை. வாழைக்குழி தோண்ட, வலிக்கிற காலை நீட்டி நிலத்தில் அமர்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் மண்ணைச் சுரண்டுவார். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் நான் அலவாங்கை எடுத்தேன். பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் தம்பி. கீழை இன்னும் ஆரும் இருந்தாலும் இருப்பினம்."