கொட்டகைக்கு வந்த பாவசங்கீர்த்தனத் தொட்டி

போன ஞாயிறு பூசை முடிந்ததும், மழைக்கு முன்னால் கோயில் கூரையைப் பிரித்து வேலை பார்க்கப் போவதாகப் பங்குச்சாமியார் அறிவித்தார். வேலை முடியும்வரை கோயில் சாமான்களை வீடுகளில் வைத்துக்கொள்ள வேண்டும், யார் யார் எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, இதே பேச்சை இதே இடத்தில் முன்பு ஒருமுறை கேட்டது ஞாபகம் வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குவதற்காக ஞானோபதேச வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்துச் சாமியாருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு. பிரசங்கம் சீக்கிரம் முடிந்துவிடும். கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர்களுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஒவ்வொருவரும் தன் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும்போதும் அவர் அதிகம் பேசமாட்டார். எல்லோருக்கும் ஒரே அபராதம்தான், மூன்று அருள் நிறைந்த மந்திரம். அதைக் கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, எழுந்து போகலாம் என்பதற்கு அடையாளமாக மரக் கூண்டுக்குள்ளிருந்து பலகையை இரண்டு தட்டு தட்டுவார். வெளியே வரிசையில் நிற்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓரடி முன்னால் நகர்வார்கள்.

கூரையின் உத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். "கோயில் நம்ம எல்லாருக்கும் பொதுவான வீடு. வீட்டுக்கு ஓடு மாத்தும்போது சாமானை அண்ணந்தம்பி வீட்லதான வைப்போம்" என்றார். கோயிலுக்குள் ஒரே கலகலப்பு. அந்தோணியார் சுரூபத்தைப் படகு எஞ்சின் மெக்கானிக் வீட்டார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆர்மோனியம் டீச்சர் வீட்டுக்குப் போனது. சிலுவைப்பாதைப் படங்கள் வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்தன. இயேசுநாதரின் ஆடைகளைக் களையும் படம் தையல்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததில், அளவெடுத்தாச்சா என்று திருவிழாவரைக்கும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை. பேர்தான் தொட்டி. பார்க்கப் பெரிய பீரோ மாதிரி இருக்கும், பிரெஞ்சுக்காரன் காலத்துத் தேக்கு. நடுவில் சாமியார் உட்கார ஒரு பலகை, அதற்கு முன்னால் ஊதாத் திரை. இரண்டு பக்கமும் முட்டி போட்டுப் பேசுவதற்குத் துளை போட்ட சின்னச் சன்னல். திரை மூடியிருந்தால் சாமியார் உள்ளே இருக்கிறார், திறந்திருந்தால் இல்லை. இது எங்கள் பங்கில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"ஊர்ப் பாவமெல்லாம் அதுலதான் ஊறிக் கெடக்கு. வீட்ல வச்சா தூக்கம் வருமா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் அத்தை எழுந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், மாதா சபைத் தலைவி, எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் குடியிருந்தவள். "என் தம்பி வீட்டுக் கொட்டகை சும்மாத்தான கெடக்கு" என்றாள். அப்பா தரையைப் பார்த்தார். அக்காள் சொல்லிவிட்டால் அவர் எப்போதும் தரையைத்தான் பார்ப்பார்.

அம்மா அந்தப் பூசையில் இல்லை. தாத்தாவுடன் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் அவள் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு ஓடி வந்துவிடுவாள். தொட்டியை ஏற்றிக்கொண்டு மரைக்காயரின் மரவாடி லாரி எங்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கையில் துவைத்த துணியோடு வந்து லாரியைப் பார்த்தாள். "கொட்டகையில வெறகு கெடக்கே" என்றாள். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, விறகை ஓரமாக அடுக்கப் போனாள்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து படுக்கை. குரல் எழும்பாது. தலைமாட்டில் ஓர் அலுமினியக் குவளை இருக்கும். அதை எடுத்து இரும்புக் கட்டிலில் தட்டுவார். தண்ணீர் வேண்டும் என்றால் தட்டுவார். புரட்டிப் போடச் சொல்லித் தட்டுவார். ஈ உட்கார்ந்தால், மணி என்ன என்று தெரிய வேண்டுமானால், ஒன்றுமில்லாவிட்டாலும் தட்டுவார். நான் போனாலும் அப்பா போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மாதான் போக வேண்டும். அம்மா சோற்றில் கை வைத்த நேரமாகப் பார்த்துத் தட்டுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது. அத்தை தினமும் வாசல் வரைக்கும் வந்து "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பாள். அம்மா "இருக்காங்க அண்ணி" என்பாள். அத்தை சிலுவை போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

பூசை கோயில் முற்றத்துக் கீற்றுப் பந்தலில் நடந்தது. பாவசங்கீர்த்தனத்தை மட்டும் திறந்த வெளியில் வைத்துக் கேட்க முடியாது என்று, சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் எங்கள் கொட்டகைக்கே வர ஆரம்பித்தார். அவரோடு பங்குச் சனமும் வந்தது. நம் வீட்டுக்கு வருகிறவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா என்று அப்பா கேட்டார். அம்மா காபி போட்டாள். பாவத்தைச் சொல்லிவிட்டு வந்தவர்கள் காபியை ஊதி ஊதிக் குடித்தபடி பந்தலில் புழுக்கம் தாங்கவில்லை என்று பேசினார்கள். நடுவில் குவளைச் சத்தம் கேட்கும். "போம்மா, பெரியவர் கூப்புடறாரு" என்று அம்மாவுக்கு ஞாபகப்படுத்துவார்கள். எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரிதான் பழகினார்கள். கழுவ வேண்டிய டம்ளர்கள் அம்மாவுக்கு.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். மத்தியானம் தாத்தாவுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, அவர் கண் மூடியதும் அம்மா காணாமல் போனாள். அடுப்படியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போனால் தொட்டியின் திரை மூடியிருந்தது. திரைக்கு அடியில் அம்மாவின் வெடித்த குதிகால் தெரிந்தது. சாமியார் உட்காரும் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். லேசாகக் குறட்டைச் சத்தம் கேட்டது.

கடவுள் விதித்த பத்துக் கற்பனைகளையும் அப்போதுதான் மனப்பாடம் செய்திருந்தேன். இது எந்தக் கற்பனையில் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதிலும் வரவில்லை. அதனாலேயே பயமாக இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தைக்குத் தெரிந்தால் பங்கு முழுவதும் தெரிந்துவிடும், அம்மாவை இனிக் கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த மாதத்து முதல் வெள்ளிப் பூசைக்காக, வியாழக்கிழமை நாலு மணிக்கும் பாவசங்கீர்த்தனம் உண்டு என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது குவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா வரவில்லை. எழுப்பலாம் என்று கொட்டகைக்குப் போனேன். திரை மூடியிருந்தது. கூப்பிட வாயெடுத்தபோது பின்சந்துப் படல் திறக்கும் சத்தம் கேட்டது. விறகு அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் முடித்துக்கொண்டு போகலாம் என்று வந்திருப்பாள். திரையைப் பார்த்தாள். அம்மா அன்று கால்களைத் தூக்கி மடித்து உட்கார்ந்திருக்க வேண்டும், அடியில் எதுவும் தெரியவில்லை. அத்தை பக்கத்துச் சன்னலில் முட்டி போட்டாள்.

"பாவியாகிய என்னை ஆசீர்வதியுங்க சாமி."

உள்ளே குறட்டை நின்றதா, அதற்கு முன்பே நின்றுவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. அத்தை கோபப்பட்டதை, புறம் பேசியதை, ஒரு நாள் செபமாலை சொல்லாமல் தூங்கியதைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். வீட்டுக்குள் தாத்தா தட்டினார்.

"அந்தச் சத்தம் கேக்குதா சாமி? அது கேட்டா நான் எங்க வீட்டு சன்னல சாத்திடுவேன். பெத்த அப்பாதான். கிட்டப் போனா அந்த நாத்தம் எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது. எல்லாத்தையும் அவ தலையில கட்டிட்டேன். அவ மூஞ்சப் பாக்க முடியாமத்தான் வாசலோட திரும்பிடுறேன்." அழுகிறாளோ என்று நினைத்தேன். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. "அவரச் சீக்கிரம் எடுத்துக்கச் சொல்லி அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏத்துனேன் சாமி."

அத்தை சாமியார் சொல்லப்போகும் அபராதத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள். முட்டியை மாற்றி மாற்றி வைத்தாள். அம்மா ஒரு வார்த்தை பேசினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பேசாவிட்டால் அத்தை எழுந்து வந்து திரையை விலக்கிப் பார்த்துவிடுவாள். நான் மனதுக்குள் அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடியும் தொடங்கினேன்.

உள்ளேயிருந்து பலகையை இரண்டு தட்டு தட்டும் சத்தம் கேட்டது.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போனாள். படல் சாத்திய பிறகும் நெடுநேரம் திரை அசையவில்லை. பிறகு அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "தாத்தா தட்டுறாங்க பாரு. வர்றேன்னு போயி சொல்லு" என்றாள்.

சற்று நேரத்தில் சாமியாரின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அத்தைக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்தாலும், அவர் புறப்பட்டுப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பாள். அன்று அம்மாதான் முதலில் போய் முட்டி போட்டாள். காபி வேண்டுமே என்றுகூட அவள் யோசிக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நேரமானது. தட்டும் சத்தம் கேட்டதும் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். எல்லோரும் போன பிறகு சாமியார் தன் டம்ளரைத் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்பாவுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாகப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் அத்தை வாசலோடு நிற்காமல் உள்ளே வந்தாள். ஒரு முக்காலியை இழுத்து தாத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானை மூக்கில் இருந்தது. "நீ போயி செத்த நேரம் கண்ணசரு" என்று அம்மாவிடம் சொன்னாள். துணி மாற்றும்போது எழுந்து ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தாத்தா அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அதற்கு மறுநாளும் வந்தாள். பிறகு தினமும் வந்தாள்.

என்ன திடீரென்று என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மத்தவங்களுக்கெல்லாம் சாமி மூணு மந்திரமாவது சொல்லச் சொல்றாங்க. எனக்கு அதுகூடச் சொல்லலடா தம்பி. ஒண்ணுமே சொல்லாம தட்டிட்டாங்க" என்றாள் அத்தை. அதனால் அபராதத்தை அவளே விதித்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் கிடைத்தது. ஆனால் அவள் தொட்டிக்குள் போவதை அதோடு விட்டுவிட்டாள். பின்கட்டில் பாய் விரித்துப் படுப்பாள். கண் திறந்தே இருக்கும். ஒருநாள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, நீ தட்டுனது பாவமில்லையா?"

"பாவந்தான்."

"அப்புறம் ஏன் தட்டுன?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "எவ்வளவு நேரந்தான் அவங்க முட்டி போட்டிருப்பாங்க. வலிக்கும்ல" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். அத்தைக்கு முட்டி வலி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

திருவிழாவுக்கு முன்னால் கூரை வேலை முடிந்து தொட்டி கோயிலுக்குத் திரும்பியது. மழைக்காலத்தில் தாத்தா இறந்தார். அடக்கம் முடிந்ததும் அம்மாவும் அத்தையும் அந்தோணியார் முன்னால் போய் நின்று ஆளுக்கொரு மெழுகுதிரி ஏற்றினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தை எதற்காக அழுதாள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அம்மா எதற்காக அவ்வளவு அழுதாள் என்பது தெரியவில்லை. தாத்தா அவளைப் படுத்திய பாட்டுக்கு அவள் அழ வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். அன்று அவள் சாமியாரிடம் அத்தனை நேரம் என்ன சொன்னாள் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதவில்லை. தட்டிய ஒரு பாவத்தைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

அத்தை போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கடைசிவரை அம்மா அவளிடம் சொல்லவில்லை. இப்போது அம்மா அதே இரும்புக் கட்டிலில் இருக்கிறாள். குவளை கிடையாது, விரலால் தட்டுகிறாள். நான்தான் போக வேண்டும், வேறு ஆள் இல்லை. போன வாரம் அந்தோணியார் முன்னால் நின்று நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறன்று ஒவ்வொரு சாமானாகப் பேர் சொல்லி முடித்துவிட்டு, தொட்டி யாருக்கு என்று கேட்டார்கள். வழக்கம்போல் யாரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் ஒருநாளும் பேசாத நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏற்கெனவே அம்மாவ வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க. இது வேறயாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கொட்டகை சும்மாத்தான் கிடக்கிறது என்று சொன்னேன். பிறகு கோயில்பிள்ளையிடம், "திரை கிழியாம இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டேன்.