பாதிப்பில்லாத பிழை

டோரீன் ஹேகன் ஆல்டர் கிரீக் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். சுவரில் அளவுத் தாள் ஒட்டியிருக்கும். அதில் போட்டபடிதான் உப்பு. ஒரு சிட்டிகைகூட இஷ்டத்துக்குப் போட்டதில்லை. ஜூரியாக உட்கார்ந்தபோது அந்தப் பழக்கமே அவளுக்கு வினையாகிவிட்டது.

கூரை வேலை செய்யும் டேரில் ப்ரூயிட் மதுக்கடை வாசலில் ஒருவனை இரும்புக் கம்பியால் அடித்தான். அடி வாங்கியவன் செத்துப்போனான். அவன் கத்தியை ஓங்கினான், உயிர் பிழைக்கவே அடித்தேன் என்றான் டேரில். கத்தி ஒரு காருக்கடியில் கிடைத்தது. யார் கையில் இருந்ததென்று பார்த்தவர் யாருமில்லை.

பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. ஜூரி அறையில் பதினோரு பேர் மத்தியானத்துக்குள் குற்றவாளி என்றுவிட்டார்கள். டோரீன் மட்டும் மசியவில்லை.

“அவன் பொய்தான் சொல்றான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

விதைக்கடை லைல் தோர்சன்தான் அவர்களுக்குத் தலைவர். சட்டம் இன்னதென்று நீதிபதி எழுதிக் கொடுத்த தாளை விரலால் தட்டினார். “ஏம்மா டோரீன், இதப் படி. தற்காப்புன்னு சொல்றவன்தான் அத நிரூபிக்கணும்னு போட்டிருக்கு. நிரூபிச்சானா?”

அப்படித்தானா என்று நீதிபதிக்கே சீட்டு எழுதி அனுப்பினாள். ‘கொடுத்த தாளைப் படிக்கவும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. நாலு தடவை படித்தாள். குற்றவாளி என்று கையைத் தூக்கினாள். டேரிலுக்கு இருபத்தைந்து வருஷம் ஜெயில்.

சட்டமோ நேர் எதிர். தற்காப்பு இல்லை என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நீதிபதி ஏதோ பழைய மாதிரித் தாளை எடுத்து வாசித்திருக்கிறார். டேரிலின் வக்கீலும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்தாள். தாள் தப்புதான் என்று மூன்று நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது பாதிப்பில்லாத பிழையாம்! சரியாகச் சொல்லியிருந்தாலும் ஜூரி இதே முடிவுக்குத்தான் வந்திருக்குமாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. டோரீன் காபியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மேல்முறையீடு நடத்திய வக்கீல் மார்சி ஆய்லரைப் பார்க்கப் போனாள்.

“அந்த ஜூரில நானும் ஒருத்திங்க. சரியாச் சொல்லியிருந்தா செத்தாலும் கையத் தூக்கியிருக்க மாட்டேன். எழுதியே தரேன்.”

மார்சி தலையை ஆட்டினாள். “ஜூரி மனசுல என்ன ஓடுச்சுன்னு ஜூரியே வந்து சொன்னாலும் கோர்ட்டு காதுல வாங்காதும்மா. சட்டம் அப்படி.”

“என் மனசப் பத்தி அந்த மூணு பேரும் பேசலாம், நான் பேசக் கூடாதா? தூ!”



அடுத்த வசந்தத்தில் மறுபடி ஜூரி அழைப்பு வந்தது. போனாள். அதே நீதிபதி. ஜூரிக்கு ஆள் பொறுக்க ஒவ்வொருவரையும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“நான் சொல்ற சட்டப்படி நடப்பீங்களா?”

டோரீன் எழுந்தாள். “போன தடவ அப்படித்தான் நடந்தேன் சார். நீங்க குடுத்த தாள நாலு தடவ படிச்சேன். டேரில் ப்ரூயிட் இன்னும் உள்ளதான் இருக்கான்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பெயர் அவருக்கு நினைவுக்கே வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வந்ததுக்கு நன்றிம்மா. நீங்க போகலாம்.”

அவள் கதவைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

“நடப்பேன் சார்” என்றார் அவர்.